பெயர்ச்சொல் உள்ளே, வினைச்சொல் வெளியே

ஒரு நிரல்மொழியைக் கணினியில் ஏற்றும்போது அதோடு சேர்ந்து என்னென்ன வரவேண்டும், எதையெல்லாம் நாமே தேடிப்போய் சேர்த்துக்கொள்ள வேண்டும்? கேட்டால் மென்பொருள்காரர்களின் உள்வீட்டுச் சண்டை மாதிரி இருக்கும். பாதி அப்படித்தான். மீதிப் பாதியில் யாருடைய நேரம், யாருடைய டேட்டா பேக், யாருடைய பத்து வருஷ வேலை என்ற கேள்விகள் இருக்கின்றன. நான் ஒரு சின்ன ஊர்க் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். 2016-இலிருந்து புள்ளியியல் மாணவர்களுக்கு ‘ஆர்’ என்ற மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது வகுப்பில் வந்துவிடும்.

ஆர் புள்ளியியலுக்காகவே பிறந்த மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது. பெல் ஆய்வகத்தில் உருவான ‘எஸ்’ என்ற மொழியின் வாரிசு. 2000 பிப்ரவரி 29 அன்று அதன் 1.0 பதிப்பு வெளியானது. இன்றைக்கு அதன் மையத்தைப் பார்த்துக்கொள்வது சுமார் 20 பேர் கொண்ட ஒரு குழு. மையத்துக்கு வெளியே, உலகம் முழுக்க உள்ளவர்கள் எழுதி ‘கிரான்’ என்ற களஞ்சியத்தில் போட்டுவைத்த தொகுப்புகள் 20,000-க்கும் மேல்.

மையத்தில் இருக்கும் பொருட்களில் முக்கியமானது ‘டேட்டா ஃபிரேம்’. பெயர்தான் புதுசு, பொருள் நமக்குப் பழக்கமானது: வரிசைகளும் பத்திகளும் உள்ள ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆள். ஒவ்வொரு பத்தியும் அந்த ஆளைப் பற்றிய ஒரு தகவல்: பெயர், வயது, ஊர். ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி. ஆரில் இது பிறவியிலேயே உண்டு. தனியாக எதையும் ஏற்றவேண்டாம்.

அட்டவணை இருந்தால் போதுமா? அதில் வேலை செய்யவேண்டும். முப்பது வயதுக்கு மேற்பட்ட தேனிக்காரர்களை மட்டும் எடுக்கவேண்டும் என்றால், ஆரின் மையத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி எழுதலாம்:

மக்கள்[மக்கள்$வயது > 30 & மக்கள்$ஊர் == "தேனி", ]

‘மக்கள்’ மூன்று தடவை வருகிறது. கடைசியில் அந்தக் கால்புள்ளியை விட்டால் வேறு எதையோ கேட்டதாக ஆகிவிடும். யாராவது ஒருவரின் வயது பதிவாகாமல் இருந்தால், எல்லாக் கட்டமும் காலியான ஒரு பேய் வரிசை முடிவில் வந்து நிற்கும். இதையே ‘டிபிளையர்’ என்ற தொகுப்பை ஏற்றிக்கொண்டு எழுதினால்:

மக்கள் |> ஃபில்டர்(வயது > 30, ஊர் == "தேனி")

வாய்விட்டுப் படிக்கலாம். மக்களை எடு, வயதும் ஊரும் பார்த்து வடிகட்டு. வயது தெரியாதவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள். ஹேட்லி விக்கம் 2008-இல் ‘பிளையர்’ என்று ஒன்றை எழுதினார். நம்மூர் எலக்ட்ரீஷியன் பையில் கிடக்குமே ‘கட்டிங் பிளேயர்’, அந்தக் கருவியின் பெயரில் ஒரு விளையாட்டு. அதை டேட்டா ஃபிரேமுக்கென்றே திரும்ப எழுதி, முன்னால் ‘டி’ சேர்த்து 2014 ஜனவரியில் வெளியிட்டார். வடிகட்டு, தேர்ந்தெடு, வரிசைப்படுத்து, புதிய பத்தி சேர், குழுவாகப் பிரி, சுருக்கிச் சொல் என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வினைச்சொற்கள். கணினி என்றாலே பயப்படும் பிள்ளைகள்கூட ரெண்டு வகுப்பில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதை ஏற்றினதும் திரையில் ஓர் அறிவிப்பு வரும்: ஃபில்டர், லேக் என்ற இரண்டு பெயர்கள் ஏற்கெனவே ஆரில் உண்டு, அவற்றை இந்தத் தொகுப்பு மறைத்துவிட்டது என்று. மையத்தில் இருக்கும் ஃபில்டர் காலத்தொடர் கணக்குக்கானது. நாம் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டிபிளையரை ஏற்ற மறந்துவிட்டு ஒரு மாணவி ஃபில்டர் என்று எழுதினால், பழைய ஃபில்டர் வந்து நின்று ‘வயது என்று எதுவும் இல்லையே’ என்று பதில் சொல்லும். “இருக்கே மேம், கண்ணு முன்னாடி இருக்கே!” என்பாள் அவள். அங்கேதான் அந்தக் கேள்வி பிறக்கிறது.

“எல்லாரும் இதைத்தானே மேம் யூஸ் பண்றாங்க? அப்புறம் ஏன் இதை ஆரோடவே வெச்சுக் குடுக்கல?”

*

இந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் இருபது கணினிகள். இணையம் துறைத்தலைவர் அறையோடு சரி. டிபிளையர் தனியாக வராது. டிபிள், ஆர்லாங், விசிடிஆர்ஸ், பில்லர், குளூ என்று ஒரு டஜன் கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு வரும். அத்தனையையும் பென்டிரைவில் இறக்கி, இருபது கணினியிலும் ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். வீட்டில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியும் அண்ணன் போனின் ஹாட்ஸ்பாட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்கு, ‘ஒரு வரிதான், போட்டா இறங்கிடும்’ என்று பாடப்புத்தகம் சொல்வது ஒரு சாயங்கால வேலை. நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

போதாததற்கு, அந்தத் தொகுப்புக் குடும்பம் இப்போதைய ஆர் பதிப்பையும் அதற்கு முந்தைய நான்கு பதிப்புகளையும் மட்டுமே ஆதரிப்பது என்று கொள்கை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்று கணக்குப் போட்டால் ஐந்து வருஷம். வசதியுள்ள இடத்தில் ஐந்து வருஷம் தாராளம். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுவது சுவர் வண்ணம் மட்டும்தான்.

ஆக, மையத்தில் சேர்த்துவிட்டால் என்ன? பிள்ளைகளுக்கு இந்த அலைச்சல் இல்லை. எனக்கும் பென்டிரைவ் வேலை இல்லை. ரொம்ப நாள் நானும் இதே பக்கம்தான் சாய்ந்திருந்தேன். என்னை யோசிக்கவைத்தது மையத்துக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு சின்ன விஷயம்.

ஆரின் டேட்டா ஃபிரேமுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பத்தியில் எழுத்துகள் இருந்தால் அதை எழுத்தாக வைத்துக்கொள்ளாது. ‘வகை’ என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வகைக்கும் உள்ளுக்குள் ஓர் எண் கொடுத்துவிடும். ‘ஸ்ட்ரிங்ஸ் ஆஸ் ஃபேக்டர்ஸ்’ என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் இதற்குக் காரணம் இருந்தது: புள்ளியியல் மாதிரிகளுக்கு ஆண், பெண், ஊர், சாதி என்று வகைகள்தான் தேவை, கணினியில் இடமும் மிச்சம். பிறகு ஆர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையே மாறி, இடம் மிச்சம் என்ற காரணம் போய்விட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை.

2022-இல் எங்கள் ஆய்வகத்தில் இருந்தது இன்னும் ஆர் 3.4. ஒரு முதுகலை மாணவி தன் கிராமத்துப் பெண்களின் ஹீமோகுளோபின் அளவை வைத்து ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். அவள் அம்மா கிராம சுகாதார செவிலியர். பதிவேட்டைப் பார்த்துக் கோப்பில் ஏற்றினது அவள்தான். 9.8, 11.2, 7.6 என்று எண்கள். நடுவில் ஒரே ஒரு கட்டத்தில் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக முழுப் பத்தியும் எழுத்தாகி, எழுத்து வகையாகி, ஒவ்வோர் அளவும் ஒரு வரிசை எண்ணாகிவிட்டது. அதைத் திரும்ப எண்ணாக்கச் சொன்னால் ஆர் கொடுத்தது ரத்த அளவை அல்ல, அந்த உள் எண்ணை. பிழை என்று எதுவும் சொல்லவில்லை. எச்சரிக்கைகூட இல்லை. சராசரி 28 என்று வந்தது.

“இருபத்தெட்டு இருந்தா ஆளு உயிரோட இருக்காது மேம்” என்றாள். அம்மாவோடு முகாம்களுக்குப் போன பிள்ளை. பன்னிரண்டுதான் நல்ல அளவு என்று அவளுக்குத் தெரியும். அதனால் பிடித்துவிட்டாள். அது ரத்தமாக இல்லாமல் ஏதோ நிறுவனத்தின் மதிப்பெண் பட்டியலாக இருந்திருந்தால் 28 அப்படியே அறிக்கையில் ஏறியிருக்கும்.

இந்த வழக்கம் தொல்லை என்று ஆர் எழுதுகிறவர்கள் பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். மாறியது 2020 ஏப்ரலில், 4.0 பதிப்பில். 1.0 வந்து இருபது வருஷம் கழித்து. குழுவுக்குச் சோம்பல் என்று சொல்லமுடியாது. மையத்தில் இருக்கும் ஒன்றை மாற்றினால், அதை நம்பி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான தொகுப்புகளும், யாரோ ஓர் ஆய்வாளர் எழுதி மறந்துபோன நிரல்களும் ஒரே நாளில் தடுமாறும். மையம் என்பது வாக்குறுதி. நல்லதையும் காப்பாற்றும், கெட்டதையும் காப்பாற்றும்.

*

இப்போது இன்னொரு வேலையைப் பாருங்கள். ஓர் அட்டவணையில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மாதத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. அதை ‘மாதம்’, ‘அளவு’ என்ற இரண்டே பத்திகளாக நீட்டவேண்டும். தரவு வேலை செய்கிற எல்லோருக்கும் அடிக்கடி வரும் வேலை இது.

ஆரின் மையத்தில் இதற்கு ‘ரீஷேப்’ என்று ஒன்று ரொம்ப காலமாக இருக்கிறது. அதன் உதவிப்பக்கத்தைப் படித்து முதல் தடவையிலேயே புரிந்துகொண்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் அது அப்படியேதான் இருக்கிறது, இருக்கும்.

வெளியே நடந்தது வேறு கதை. விக்கம் இதே வேலைக்கு முதலில் தானும் ஒரு ‘ரீஷேப்’ தொகுப்பு எழுதினார். பிறகு ‘ரீஷேப் 2’. 2014-இல் ‘டைடிஆர்’ என்ற புதிய தொகுப்பில் ‘கேதர்’, ‘ஸ்பிரெட்’ என்று பெயர் மாற்றினார். அதற்கும் ஜனங்கள் ஒவ்வொரு முறையும் உதவிப்பக்கத்தைத் திறந்தார்கள். 2019-இல், இந்த வடிவமைப்பில் அடிப்படையிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது, பெயர்கள் யாருக்கும் மனதில் நிற்கவில்லை என்று அந்தத் தொகுப்பின் ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டு, ‘பிவட் லாங்கர்’, ‘பிவட் வைடர்’ என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். நீளமாக்கு, அகலமாக்கு. இப்போது என் மாணவர்கள் கேட்காமலே எழுதுகிறார்கள்.

ஒரே வேலைக்கு நான்கு முறை முயற்சி. நாலாவதுதான் சரியாக வந்தது. முதல் முயற்சியையோ இரண்டாவதையோ ‘எல்லாரும் யூஸ் பண்றாங்க’ என்று மையத்தில் சேர்த்திருந்தால், நாலாவது பிறப்பதற்கு அவசியம் இருந்திருக்குமா? பிறந்தாலும் அதிகாரபூர்வமானது ஒன்று, நல்லது இன்னொன்று என்று இரண்டு இருந்திருக்கும். இன்றைக்கு ரெண்டு ஃபில்டர் இருப்பதுபோல.

என் வகுப்பில் நான் சொல்லும் பதில் இதிலிருந்துதான் வந்தது. மையத்தில் இருக்கவேண்டியது பெயர்ச்சொல். வினைச்சொல் வெளியே இருக்கட்டும்.

அட்டவணை என்ற பொருள் ஆரின் மையத்தில் இருப்பதால்தான் டிபிளையரும், அதோடு போட்டிபோடும் ‘டேட்டா டேபிள்’ தொகுப்பும், படம் வரைகிற தொகுப்புகளும், மாதிரி பொருத்துகிற தொகுப்புகளும் ஒரே பொருளைக் கை மாற்றிக்கொள்ள முடிகிறது. ஒருவர் வடிகட்டியதை இன்னொருவர் வரைகிறார். நடுவில் மொழிபெயர்ப்பு வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான பண்டம் பொது இடத்தில் இருப்பதுதான் சரி. அதை வைத்து என்ன செய்வது, எப்படிச் சொல்வது என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. வரும்வரை அடித்துக்கொள்ள வெளியே இடம் வேண்டும். 2006-இல் மேட் டவுல் தொடங்கிய டேட்டா டேபிள், சதுர அடைப்புக்குறிக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்குகிறது. படிக்கக் கொஞ்சம் கடினம், வேகமோ வேகம். ஆரைத் தவிர வேறு எந்தத் தொகுப்பையும் அது சார்ந்திருப்பதில்லை. டிபிளையரை மையத்தில் வைப்பது என்றால் இந்தச் சண்டையில் மொழியே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

பைத்தான் இதற்கு மறுபக்க உதாரணம். அங்கே பெயர்ச்சொல்லும் வெளியேதான். வெஸ் மெக்கின்னி 2008-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கிய ‘பாண்டாஸ்’தான் பைத்தானுக்கு டேட்டா ஃபிரேம் கொடுத்தது. அது மையத்துக்குள் போகவில்லை. அதனால் தன் பழைய வழிகளைக் கழற்றிப்போட முடிந்தது. 2017-இல் மெக்கின்னியே பாண்டாஸில் தனக்குப் பிடிக்காத பத்து விஷயங்களைப் பட்டியல் போட்டார். தன் பிள்ளையைப் பற்றி அப்படிப் பேச ஒரு தைரியம் வேண்டும். ஆனால் பொதுவான அட்டவணை இல்லாத குறையும் அங்கே தெரிந்தது: கருவிக்குக் கருவி வடிவம் மாற்றுவதிலேயே நேரம் போனது. அதைத் தீர்க்க 2016-இல் தொடங்கிய ‘ஆரோ’ என்ற பொது வடிவத்திலும் அவர் முன்னணியில் இருந்தார். பின்னால் வந்த ‘போலார்ஸ்’ அந்த வடிவத்தின் மேல்தான் நிற்கிறது. மையத்தில் இல்லாத பெயர்ச்சொல்லைக் கடைசியில் வெளியே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

எல்லாம் சேர்த்துக் கொடுப்பதுதான் பைத்தானின் பழைய பெருமை. அதுவே 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில், இனி யாரும் பராமரிக்க முடியாது என்று 19 பழைய தொகுதிகளை வெளியே அனுப்பியது. உள்ளே வாங்குவது சுலபம். அனுப்புவதற்குத்தான் வருஷக்கணக்கில் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டியிருக்கிறது.

*

அப்படியானால் வெளியே பிறந்த எதுவும் உள்ளே வரவே கூடாதா? வரலாம். எப்படி வரவேண்டும் என்பதற்கு ஆரிலேயே ஓர் உதாரணம் உண்டு. மேலே நான் எழுதிய வரியில் |> என்று ஒரு குறி இருந்ததே, அதுதான். இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் இருக்கும் வேலைக்குக் கொடு என்று அர்த்தம். இந்த வழக்கத்தை ஆரில் பரப்பியது 2014-இல் ஸ்டெஃபான் மில்டன் பாஹ் எழுதிய ‘மாக்ரிட்டர்’ தொகுப்பு. புகைக்குழாயை வரைந்துவிட்டு இது புகைக்குழாய் அல்ல என்று கீழே எழுதிய ஓவியர் மாக்ரிட்டின் பெயரில் ஒரு குறும்பு. அங்கே குறி %>% என்று இருந்தது. ஏழு வருஷம் லட்சக்கணக்கானவர்கள் எழுதிப் பார்த்த பிறகு, 2021 மே மாதம் 4.1 பதிப்பில் ஆர் தனக்கென்று |> என்ற குறியை எடுத்துக்கொண்டது. மாக்ரிட்டரை அப்படியே விழுங்கவில்லை. அதிலிருந்த கூடுதல் வித்தைகளை எல்லாம் விட்டுவிட்டு, ஒரே ஒரு இணைப்பை மட்டும் எடுத்தது. பைத்தானும் 2015-இல் அணிப்பெருக்கலுக்கு @ என்ற குறியை மொழிக்குள் சேர்த்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் எந்தப் பொருளும் பைத்தானின் மையத்தில் இல்லை. நம்பை மாதிரியான வெளித்தொகுப்புகளுக்காகப் போடப்பட்ட வாசல் அது.

வகுப்பில் இதை விளக்க எனக்குக் கைகொடுப்பது நம் எழுத்துச் சீர்திருத்தம்தான். ணா, றா, னா, லை, ளை போன்றவற்றை இன்று நாம் எழுதுகிற வடிவில் பெரியார் 1935-இலேயே தன் ‘குடி அரசு’ இதழில் அச்சிட்டார். அது அவருடைய இதழ், அவருடைய பொறுப்பு. தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978-இல். அப்போதும் அவர் எழுதிய எல்லாவற்றையும் எடுக்கவில்லை. ‘ஐ’க்கு ‘அய்’ என்று அவர் எழுதியது பாடப்புத்தகத்துக்குள் வரவில்லை. முதலில் ஓர் இதழ் எழுதிப் பார்த்தது, பலர் படித்துப் பழகினார்கள், பிறகு ஒரு பகுதி எல்லோருக்குமான எழுத்தானது. நாற்பத்து மூன்று வருஷம் அதிகம்தான். ஆனால் வரிசை சரி.

*

இதையெல்லாம் சொன்னபிறகும் அந்தப் பிள்ளையின் கேள்வி முழுசாகத் தீரவில்லை. அவள் கேட்டது மொழி வடிவமைப்பைப் பற்றி அல்ல, ஹாட்ஸ்பாட்டைப் பற்றி. ‘மையத்தில் இருப்பது’, ‘கையில் கிடைப்பது’ என்ற இரண்டும் வேறு வேறு. நாம்தான் குழப்பிக்கொள்கிறோம். ஆரிலேயே இதற்கு ஒரு நடுத்திண்ணை உண்டு. ‘பரிந்துரைக்கப்பட்ட தொகுப்புகள்’ என்று பதினைந்து: மாஸ், லாட்டிஸ், சர்வைவல், என்எல்எம்இ மாதிரி. ஆரை ஏற்றும்போது கூடவே வந்துவிடும், ஆனால் மொழியின் பாகம் அல்ல, தனித்தனியாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

டிபிளையரை அந்தத் திண்ணையில் உட்காரவைக்கலாமே என்று தோன்றும். அது தனியாக வந்தால் யோசிக்கலாம். பின்னால் ஒரு டஜன் பேர் நிற்கிறார்கள், அதில் பலவும் ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உள்ளவர்கள் எழுதுவது. நல்ல நிறுவனம்தான், இலவசமாகத்தான் தருகிறார்கள். ஆனாலும் ஒரு பொது மொழியின் பெட்டிக்குள் அவர்கள் கால அட்டவணையும் சேர்ந்து வரும்.

ஆகவே அந்த வேலையை நாங்களே செய்கிறோம். இப்போது ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த வருஷத்து ஆரையும், எங்களுக்கு வேண்டிய தொகுப்புகளையும், அவற்றின் கூட்டாளிகளையும் ஒரே கோப்புறையில் இறக்கி, ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் கிரான் வைத்திருக்கிறோம். இரண்டாமாண்டு பிள்ளைகள் முதலாமாண்டு பிள்ளைகளுக்குப் பென்டிரைவில் கொடுக்கிறார்கள். பதிப்பு எண்ணை முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு ஒருவேளை ஓடாவிட்டால் எதில் ஓடியது என்று தெரியவேண்டுமே.

எனக்கு முன்னால் இந்தப் பாடத்தை எடுத்த பேராசிரியர் 2019-இல் ஓய்வு பெற்றார். அவருக்குத் தொகுப்புகளே பிடிக்காது. “ஏம்மா, இந்த டிபிளையர் கிபிளையர் எல்லாம் நாளைக்கு இருக்குமா?” என்பார். 2006-இலிருந்து அவர் எழுதின நிரல்கள் ஒரு கோப்புறையில் இருக்கின்றன, எல்லாம் சதுர அடைப்புக்குறியும் டாலர் குறியும். போன மாதம் அதில் பத்துப் பன்னிரண்டை எடுத்து இப்போதைய ஆரில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வரிகூட மாற்றாமல் ஓடின. அதே மேசையில் இருக்கும் என் 2016 பாடக்குறிப்புகளை ஓட்டினால் வரிக்கு வரி எச்சரிக்கை வருகிறது: இந்தப் பெயர் பழசு, அதற்குப் பதில் இதைப் பயன்படுத்து என்று.

ஆனால் பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுப்பது என் குறிப்புகளைத்தான். அதனால் முதல் மூன்று வாரம் அவர் கோப்புறையிலிருந்து நடத்துகிறேன். அட்டவணை என்றால் என்ன, அதை அடைப்புக்குறியால் எப்படித் தொடுவது என்று. நாலாவது வாரம் டிபிளையர். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை என் குறிப்புகளை நானே திரும்ப எழுதவேண்டியிருக்கும். அது பரவாயில்லை.